குழுக் காப்புறுதிக் கட்டுப்பணம் ஏறுகிறது: ஓபிடியை வெட்டுவதா?

கணக்குக்கிளை:
திருகோணமலை மாவட்ட உள்ளூராட்சிச் சபைகளில் ஊழியர் நலன்புரிச் சங்கம் எடுக்கும் குழு மருத்துவக் காப்புறுதியின் கட்டுப்பணம் (பிரிமியம்) புதுப்பிக்கும்போதெல்லாம் கூடுகிறது. 2022இல் ரூபாய் விழுந்து மருந்து விலை ஏறிய பிறகு இது நிற்கவே இல்லை. என் கருத்து: ஓபிடியை, அதாவது வார்டில் தங்காத வெளிநோயாளர் செலவை, ஒப்பந்தத்திலிருந்து எடுத்துவிடுங்கள். வருடம் 10 லட்சம் ஓபிடி கோரிக்கை வரும் என்று வைத்துக்கொள்வோம். கட்டுப்பணத்தில் 80 வீதம் கோரிக்கைக்குப் போகட்டும் என்று கம்பனி கணக்கிட்டால் நம்மிடம் கேட்பது 12.5 லட்சம். வருமென்று தெரிந்த செலவுக்கு ஏன் இரண்டரை லட்சம் மேலதிகம்?

மூதூர்த்துறை:
வெட்டினால் ஆட்கள் காப்புறுதியில் நிற்கமாட்டார்கள். அரச வைத்தியசாலையில் வார்ட் இலவசம். நம் ஊழியரின் பணம் போவது சனலுக்கும் (காசு கட்டித் தனியாக வைத்தியரைப் பார்ப்பது), இரத்தப் பரிசோதனைக்கும், ‘ஸ்டொக் இல்லை, வெளியில வாங்குங்கோ’ என்று எழுதித்தரும் துண்டுக்கும்தான். ஓபிடி இல்லையென்றால் முதலில் விலகுவது இளம் ஆட்கள். 200 பேர், கோரிக்கை 36 லட்சம் என்றால் தலைக்கு 18,000. 40 இளையவர்கள் 2 லட்சக் கோரிக்கையோடு போய்விட்டால் மிஞ்சும் 160 பேருக்குத் தலா 21,250. அடுத்த வருடம் இன்னும் 20 பேர் போவார்கள்.

கணக்குக்கிளை:
ஓபிடியே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைச் சங்கத்தின் சொந்த நிதியாக நடத்தலாம். குடும்பத்துக்கு 15,000 எல்லை, ஒவ்வொரு சிட்டையிலும் 20 வீதம் ஊழியர் பொறுப்பு. மிஞ்சியதில் பாதியை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோக விடவேண்டும், இது முக்கியம். இல்லாவிட்டால் மிச்சத்தை முடிக்க டிசம்பரில் ஒரே பார்மசியின் அடுத்தடுத்த இலக்கமுள்ள சிட்டைகள், எல்லாம் விற்றமின் போத்தல்.

குளக்கோட்டன்:
இருவரும் அக்ரஹாரவை மறந்துவிட்டீர்கள். அது அரச ஊழியருக்கான மருத்துவக் காப்புறுதி; 2006ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்துவது. சம்பளத்தில் கழிபடுகிறது, ஆனால் சிட்டைகளை நேரே கம்பனிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். மூலச்சிட்டை போய்விட்டால் அங்கே கேட்பது கஷ்டம், முழுச் சுமையும் குழு ஒப்பந்தத்தில் விழும், அடுத்த புதுப்பிப்பில் அதுவே காரணமாகும். மூலச்சிட்டையும் டயக்னோசிஸ் கார்டும் (நோய் விபரம் எழுதி வைத்தியசாலை தரும் அட்டை) முதலில் அக்ரஹாரவுக்கு. கிடைத்த தொகைக்கான கடிதத்தோடு உறுதிப்படுத்திய பிரதிகள் கம்பனிக்கு, மிச்சத் தொகைக்கு மட்டும். இரு பக்கமும் கால எல்லை உண்டு, அதனால் டிஸ்சார்ஜ் ஆன வாரத்திலேயே தொடங்கவேண்டும். இந்த வரிசைக்குக் கம்பனி சம்மதம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவாங்குங்கள்.

மூதூர்த்துறை:
வாய்க்கால் துப்புரவு செய்யும் தொழிலாளி இத்தனை கடதாசியோடு எங்கே அலைவது? கிளையில் ஒருவரை இதற்கென்று நியமியுங்கள். அமைய (தற்காலிக) ஊழியருக்குச் சபை மாதம் 3 வீதம் கட்டும் ஊழியர் நம்பிக்கை நிதியத்திலும் இருதய சத்திரசிகிச்சை, கண்வில்லை உதவிகள் இருக்கின்றன. அதையும் அவரே பார்க்கட்டும். செலவு குறையவேண்டுமென்றால் சப்பாத்தும் கையுறையும் கிழியுமுன் மாற்றுங்கள். மாரி தொடங்குமுன் எலிக்காய்ச்சல் தடுப்பு மருந்து பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிடம் கேளுங்கள்.

குளக்கோட்டன்:
அது சரி, முழுதும் ஏற்கிறேன். இன்னொன்று: ஒப்பந்தம் முடிய 60 நாளுக்கு முன்பே மூன்று வருடக் கோரிக்கைப் பட்டியலைக் கம்பனியிடம் வாங்குங்கள். திகதி, தொகை, ஓபிடியா வார்டா என்பது போதும், பெயரும் நோயும் வேண்டாம். இது இல்லாமல் வேறு கம்பனியிடம் விலை கேட்டால் தெரியாத ஆபத்துக்கும் சேர்த்துத்தான் விலை போடுவான். ஒரேயொரு பெரிய சத்திரசிகிச்சையால் ஏறியதா, நூறு சின்னச் சிட்டையால் ஏறியதா என்பதும் அதில்தான் தெரியும். முதலாவதென்றால் கணக்குக்கிளை சொல்லும் வெட்டால் ஒன்றும் குறையாது.

கணக்குக்கிளை:
ஒத்துக்கொள்கிறேன், பட்டியலைப் பார்த்துவிட்டே முடிவு. சொந்த நிதி என்றால் முதல் 3 மாதம் சேர்ப்பு மட்டும், கொடுப்பனவு இல்லை. கையிருப்பில்லாமல் தொடங்கினால் இரண்டாம் மாதமே பெட்டி காலி.

மூதூர்த்துறை:
அந்த 3 மாதமும் நீரிழிவுக்காரர் மருந்துக்கு எங்கே போவார்? பழைய ஒப்பந்தம் ஓடும்போதே சேர்ப்பைத் தொடங்குங்கள். அப்படியென்றால் பொதுக்கூட்டத்தில் என் கையும் உயரும்.