அப்பாவுக்கு எம்.என்.டி. நோய். பைபாப் மூச்சு மெஷின் இருக்கிறது, சளிதான் வெளியே வரமாட்டேன் என்கிறது. இருமல் மெஷின் வாங்கலாமா?

நாகலூர் காபி:
ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 63 வயது, எம்.என்.டி., அதாவது தசைகளை இயக்கும் நரம்புகள் செயலிழந்துபோகும் மோட்டார் நியூரான் நோய் என்று போன வருஷம் சொன்னார்கள். கையில் ஆரம்பித்து இப்போது மூச்சுக்கு வந்துவிட்டது. மல்லாந்து படுத்தால் இரண்டே நிமிஷத்தில் தூக்கி உட்கார வை என்கிறார், காலையில் தலைவலி, பகலெல்லாம் தூங்கி வழிகிறார். மாஸ்க் வழியாகக் காற்றைத் தள்ளி மூச்சுக்கு உதவுகிற பைபாப்பை டாக்டர் எழுதிக் கொடுத்து மூன்று வாரம் ஆகிறது, ஒரு மணி நேரத்துக்கு மேல் மாஸ்க்கை வைத்திருக்க மாட்டேன் என்று அடம். அதைவிடப் பெரிய தொல்லை சளி. தொண்டையில் கரகரவென்று நிற்கிறது, இருமினால் சத்தம்தான் வருகிறது. முந்தாநாள் கரண்ட் போனபோது ஏற்றிய மெழுகுவர்த்தியை ஊதிப் பார்த்தார், சுடர் லேசாகச் சாய்ந்ததோடு சரி. இருமலுக்கு உதவ காஃப் அசிஸ்ட் என்று ஒரு மெஷின் சொல்கிறார்கள், விலை லட்சங்களில் இருக்கிறது. சித்தப்பா ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கினால் போதும் என்கிறார். யாராவது பார்த்திருக்கிறீர்களா?

அம்மாப்பேட்டை தறிக்காரன்:
தம்பி, முதலில் அந்த சிலிண்டர் யோசனையை ஓரமாக வையுங்கள். என் வீட்டுக்காரிக்கும் இதே நோய்தான், நாலு வருஷம் கூடவே இருந்து பார்த்தேன். ஒருமுறை மூச்சு வாங்குகிறது என்று கூட்டிப்போன இடத்தில் பைபாப் இல்லாமல் வெறும் ஆக்சிஜனை மட்டும் வைத்தார்கள். ஆக்சிமீட்டரில் 98 காட்டியது, எல்லாருக்கும் நிம்மதி, விடிகாலையில் எழுப்பினால் எழவில்லை. ரத்தத்தில் கரியமில வாயு ஏறிப்போயிருந்தது. இந்த நோயில் நுரையீரல் கெடுவதில்லை, அதை இழுத்து விரிக்கிற உதரவிதானத்துக்குத்தான் பலம் போகிறது. துருத்தி அமுக்க ஆளில்லாதபோது காற்றை மாற்றி என்ன செய்ய? டாக்டரே பார்த்து பைபாப்போடு சேர்த்துக் கொடுத்தால் அது வேறு கதை.

மாஸ்க்குக்கு நாங்கள் செய்தது: ராத்திரியில் ஆரம்பிக்கவில்லை. சாயங்காலம் சீரியல் பார்க்கும்போது பத்து நிமிஷம், அப்புறம் அரை மணி, அப்படியே பழக்கினோம். மூக்குத் தண்டில் புண்ணாகிவிட்டால் யாராக இருந்தாலும் பிடுங்கித்தான் எறிவார்கள், அதனால் வேறு அளவு, வேறு மாடல் கேட்டு மாற்றுங்கள். எங்களுக்கு மூன்றாவது மாஸ்க்தான் சரிப்பட்டது.

பிசியோ அக்கா:
மெஷினுக்கு முன்னால் ஒரு கணக்கு பார்த்துவிடுங்கள். ஆஸ்துமாக்காரர்கள் ஊதுகிற பீக் ஃப்ளோ மீட்டரையே மாஸ்க்கோடு சேர்த்து அதற்குள் இருமச் சொன்னால் இருமலின் வேகம் தெரியும். நிமிஷத்துக்கு 270 லிட்டருக்குக் கீழே போனால் சளிக்காய்ச்சல் வரும் நாளில் திணறுவார்கள், 160க்குக் கீழே என்றால் சாதாரண நாளிலேயே சளி நகராது.

நல்ல இருமலுக்கு முதலில் உள்ளே நிறையக் காற்று போக வேண்டும், அப்பாவுக்கு அதுதான் குறை. அதற்கு அம்பு பேக் என்று கையால் அமுக்கிக் காற்றை உள்ளே தள்ளுகிற பை இருக்கிறது, சில ஆயிரத்தில் முடிந்துவிடும். ஒருவழி வால்வு வைத்ததாகக் கேட்டு வாங்குங்கள். உட்கார வைத்து, மாஸ்க்கை அழுத்திப் பிடித்து, அவர் மூச்சை இழுக்கும்போது ஒரு அமுக்கு, வெளியே விடாமல் அதன்மேலேயே இன்னொன்று, முடிந்தால் மூன்றாவது, நெஞ்சு நிறைந்ததும் இருமச் சொல்ல வேண்டும். அவர் இருமுகிற அதே நொடியில் இன்னொருவர் விலா எலும்புக்குக் கீழே கையை வைத்து உள்ளேயும் மேலேயுமாக ஒரு தள்ளு. சாப்பிட்ட உடனே வேண்டாம். யாராவது ஒருமுறை நேரில் காட்டிக் கொடுத்த பிறகுதான் வீட்டில் செய்ய வேண்டும்.

காஃப் அசிஸ்ட் செய்வதும் இதுதான். காற்றை அழுத்தி உள்ளே விட்டு சட்டென்று திருப்பி உறிஞ்சும். அழுத்தத்தைக் குறைவாக ஆரம்பித்து பெரும்பாலும் உள்ளே தள்ள கூட்டல் 40, உறிஞ்ச கழித்தல் 40 (செ.மீ. நீர் அழுத்தம்) பக்கம் கொண்டுபோவோம். பேச்சும் விழுங்குவதும் ரொம்பக் குழறுகிறவர்களுக்குத் தொண்டையே மூடிக்கொள்ளும், அவர்களுக்கு இது அவ்வளவு எடுபடாது. அப்பா முன்பு பீடி, சிகரெட் பிடித்தவரா? நுரையீரலில் காற்றுக் குமிழி இருந்தாலோ, முன்பு நுரையீரல் கிழிந்து காற்று கசிந்திருந்தாலோ பேக், மெஷின் இரண்டையும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

சக்‌ஷன் மெஷின் வாயிலும் தொண்டையிலும் நிற்பதைத்தான் எடுக்கும், நெஞ்சுக்குள் இருப்பதை அது தொடாது.

மலைமேல் மெக்கானிக்:
கரண்ட் பற்றி யாரும் சொல்லவில்லையே. மே மாதக் காற்றில் ஒரு மரம் விழுந்தால் ராத்திரி முழுக்க இருட்டுதான். பைபாப்பை இன்வெர்ட்டரில் போடுங்கள், ஃப்ரிட்ஜை அதிலிருந்து கழற்றிவிடுங்கள். மெஷினில் இருக்கும் ஈரப்பத ஹீட்டர்தான் கரண்டைக் குடிக்கும், பேட்டரியில் ஓடும்போது அதை நிறுத்தினால் நேரம் நன்றாக இழுக்கும். இன்னொன்று, நாம் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம், பழைய மாடல் சிலவற்றில் உயரத்தைக் கையால் செட் பண்ண வேண்டும். கொடுத்தவரிடம் கேளுங்கள்.

நாகலூர் காபி:
எல்லாருக்கும் நன்றி. டாக்டரிடம் பேசினேன், அப்பா பீடி தொட்டதில்லை, எக்ஸ்ரேயும் சுத்தம், பேக் போடலாம் என்றார். இருமல் வேகம் 190. நேற்று பிசியோ காட்டிக் கொடுத்து அம்மா பேக்கை அமுக்க நான் வயிற்றில் தள்ளினேன். முதல் இரண்டு முறை அப்பாவுக்குச் சிரிப்புதான் வந்தது, மூன்றாவது முறை கெட்டியாக ஒரு உருண்டை வந்து விழுந்தது. அம்மா அதைக் காகிதத்தில் எடுத்து எனக்குக் காட்டினாள், ஏதோ பரிசு மாதிரி. மாஸ்க் ராத்திரி இரண்டரை மணி வரை நின்றது.

மெஷினை உடனே வாங்கவில்லை, ஒரு மாதம் வாடகைக்கு எடுத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். சேலத்தில் யார் கொடுக்கிறார்கள் என்று தெரிந்தால் தனியாக மெசேஜ் போடுங்கள், இவரை வீட்டில் விட்டுவிட்டு 20 வளைவு இறங்கிக் கடைகடையாக அலைய முடியவில்லை.