மறைக்கல்வி வகுப்பு: உங்கள் அனுபவம் வேண்டும்

எல்லாருக்கும் வணக்கம். கத்தோலிக்க ஆலயம் நடத்தும் எங்கள் பங்குப் பள்ளியில் அடுத்த மாதம் பெற்றோர் கூட்டம். மறைக்கல்வி என்பது கத்தோலிக்கச் சமயப் பாடம். "மறைக்கல்வி எதற்கு? அந்த நேரத்தில் கணக்கு நடத்தலாமே" என்று சிலர் கேட்கிறார்கள். பதில் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது.

சட்டப் பக்கம் தெளிவுதான். அரசியலமைப்பின் 30-ஆவது பிரிவு சிறுபான்மையினருக்குக் கல்வி நிறுவனம் நடத்தும் உரிமை தருகிறது. 28(3) பிரிவோ, அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையைச் சமயப் போதனையில் உட்காரவைக்கக் கூடாது என்கிறது. அதனால்தான் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் (உலகக் கத்தோலிக்க ஆயர்களின் பேரவை) வெளியிட்ட கல்வி அறிக்கையும் பிள்ளைகளின் முதல் ஆசிரியர் பெற்றோரே என்கிறது. திருச்சி புனித வளனார் கல்லூரியில் அப்துல் கலாம் படித்ததை எல்லா மேடையிலும் சொல்லியாகிவிட்டது, அதை விட்டுவிடலாம்.

எனக்கு வேண்டியது உங்கள் அனுபவம். மறைக்கல்வி வகுப்பில் கேட்ட எது இன்றும் உங்கள் முடிவுகளில் தலைகாட்டுகிறது? முக்கியமாக, இந்து, முஸ்லிம் நண்பர்களே, நன்னெறி வகுப்பு உருப்படியாக நடந்ததா, இல்லை வீட்டுப்பாடம் எழுதும் நேரமாகப் போனதா? (பல இடங்களில் இரண்டாவதுதான் என்பது என் சந்தேகம்.) கசப்பான அனுபவம் இருந்தாலும் எழுதுங்கள், பாராட்டு மட்டும் போதாது. பள்ளி, ஆசிரியர் பெயர் வேண்டாம்.

அப்புறம், ஆசிரியர்கள் யாராவது இருந்தால், வாரத்துக்கு எத்தனை பாடவேளை ஒதுக்குகிறீர்கள் என்றும் சொல்லுங்கள். எழுத நேரமில்லையா, குரல் பதிவு அனுப்பினாலும் சரி.