தங்கைக்கு எச்.ஐ.வி. தொற்று உண்டு: குழந்தைக்குத் தாய்ப்பாலா, பவுடர் பாலா?

பள்ளத்தூர் அக்கா:
என் தங்கைக்கு இப்போது எட்டாம் மாதம். மூன்றாம் மாத ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தது. அன்றிலிருந்து எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்தை (ஏ.ஆர்.டி.) விடாமல் சாப்பிடுகிறாள். ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டதாகப் போன மாதம் சொன்னார்கள். பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறோம். மாப்பிள்ளையையும் எங்களையும் தவிர யாருக்கும் விஷயம் தெரியாது.

எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் தாய்ப்பாலே கொடுக்கலாம் என்கிறார்கள். அம்மாவுக்கோ மனம் ஒப்பவில்லை. "பாலோடு சேர்ந்து அதுவும் போய்விடாதா" என்று கேட்டு அழுகிறார். இதற்கிடையில் தங்கையின் மாமியார், பிள்ளை பிறந்ததும் சேனை வைக்கத் தானே வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். எதை நம்பி எதைச் செய்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கண்டனூர்க்காரர்:
உங்கள் அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. இருபது வருடங்களுக்கு முன் என் அத்தை மகளுக்கும் இதே நிலைமை. அப்போது தாய்ப்பால் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். பையனுக்குத் தொற்று இல்லை, இன்று கல்லூரியில் படிக்கிறான். ஆனால் முதல் வருடம் முழுவதும் வயிற்றுப்போக்கால் அவன் பட்ட பாடு கொஞ்சமில்லை. டப்பா வாங்க அவள் தாலிக்கொடியை அடகு வைத்தாள். "பெற்றவளுக்குப் பால் இல்லையா" என்று வருவோர் போவோரெல்லாம் கேட்டார்கள். இப்போது மருத்துவம் மாறியிருக்கும் என்று நினைக்கிறேன்.

காரைக்குடி சிஸ்டர் (பிரசவ வார்டில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்):
மாறித்தான் இருக்கிறது, தம்பி. அந்தக் காலத்தில் தாய்க்குப் பிரசவ வலியின்போது ஒரு மாத்திரை, பிறந்த குழந்தைக்கு ஒரு வேளை சொட்டு மருந்து, அவ்வளவுதான். பாலூட்டும் மாதங்களில் குழந்தைக்குக் காவல் எதுவும் இருக்கவில்லை. 2014 முதல் நம் நாட்டில் தொற்றுள்ள கர்ப்பிணிகள் எல்லோருக்கும் ஆயுள் முழுவதற்கும் கூட்டு மருந்து தருகிறார்கள். சிகிச்சையே இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். முறையான சிகிச்சை இருந்தால் அது 5 சதவீதத்துக்கும் கீழே போகிறது. கிருமி கண்டறிய முடியாத நிலையில் இருக்கும் உங்கள் தங்கைக்கு இன்னும் குறைவு. அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன், அதனால்தான் மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது.

ஆகவே தாய்ப்பால் கொடுக்கட்டும். முதல் ஆறு மாதம், டாக்டர் தரும் மருந்தைத் தவிர, தாய்ப்பால் மட்டும். இந்த "மட்டும்" என்பதில்தான் நம் ஊர் வீடுகளில் கோட்டை விடுகிறோம். சேனை, சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர், உரைமருந்து எதுவும் வேண்டாம். பிஞ்சுக் குடலின் உட்சுவர் மிக மெல்லியது. வேறு பொருள் பட்டு அது புண்ணானால் கிருமி நுழைய வழியாகிவிடும். சித்திரை வெயிலில் பிள்ளைக்குத் தாகம் எடுக்காதா என்று கேட்பார்கள். தாய்ப்பாலிலேயே போதிய தண்ணீர் இருக்கிறது.

மாமியாரிடம், "ஆறு மாதம் தண்ணீர்கூடத் தரக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்" என்று சொல்லுங்கள். அது பொய்யில்லை. எல்லாக் குழந்தைகளுக்கும் எல்லா மருத்துவமனைகளிலும் சொல்வது அதுதான். ரகசியமும் காக்கப்படும். பவுடர் டப்பாவைக் கண்டால்தான் ஊர் கேள்வி கேட்கும்.

பால் கொடுக்கும்போது காம்பை மட்டும் சப்ப விடாமல், சுற்றியுள்ள கருவட்டத்தில் பெரும்பகுதி குழந்தையின் வாய்க்குள் போகும்படி பிடிக்கச் சொல்லுங்கள். காம்பு வெடித்து ரத்தம் கசிந்தால், ஆறும்வரை அந்தப் பக்கப் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு மறு பக்கத்தில் கொடுக்கலாம். சீழ் கட்டினால் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

தாயின் சாப்பாட்டையும் கவனியுங்கள். பத்தியம் என்ற பேரில் தண்ணீரைக்கூட அளந்து கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், எனக்குக் கோபம் கோபமாக வரும். பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, முட்டை, கீரை எல்லாம் வயிறாரச் சாப்பிடட்டும். இன்னொன்று: கூட்டு மருந்தில் டோலுடெக்ராவிர் என்ற மருந்து இருந்தால், இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை வெறும் வயிற்றில் அதோடு சேர்த்து விழுங்கக் கூடாது, மருந்து உடலில் சேராது. எதை எப்போது சாப்பிடுவது என்று கூட்டு மருந்து மையத்தில் கேட்டு, நேரத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளத்தூர் அக்கா:
சிஸ்டர், அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். ஒரு சந்தேகம்: நாங்கள் அசந்த நேரத்தில் யாராவது சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைத்துவிட்டால் பாலை நிறுத்திவிட வேண்டுமா? குழந்தைக்குத் தொற்று இல்லை என்று எப்போது தெரியும்?

காரைக்குடி சிஸ்டர்:
நிறுத்தவே கூடாது. தாய் ஒழுங்காக மருந்து சாப்பிடும்போது, நடந்த தவறுக்காகப் பாலை நிறுத்த வேண்டியதில்லை என்று உலக சுகாதார நிறுவனமே 2016இல் சொல்லியிருக்கிறது. இனி நடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், போதும்.

பிறந்தவுடன் குழந்தைக்குத் தடுப்பு மருந்து சிரப் தொடங்குவார்கள். வழக்கமாக ஆறு வாரம், தேவைப்பட்டால் நீட்டிப்பார்கள். ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குப் போகும்போதே குதிகாலில் குத்தி, அட்டையில் ரத்தப்பொட்டு எடுத்து அனுப்புவார்கள். பிறகு ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம். பதினெட்டாம் மாதப் பரிசோதனைக்குப் பிறகுதான், அதுவும் பால் நிறுத்தி, மையத்தில் சொல்லும் இடைவெளி கழிந்த பிறகுதான், முடிவாகச் சொல்வார்கள். முதல் முடிவு நல்லபடி வந்ததும் சிலர் மற்றதற்குப் போவதில்லை. நீங்கள் போக வேண்டும்.

ஆறு மாதம் முடிந்ததும் கேப்பைக் கூழ், நெய் விட்ட பருப்புச் சாதம், அங்கன்வாடி சத்துமாவு என்று கெட்டியாகவே ஊட்டுங்கள். தொற்று இல்லாத குழந்தைக்கு ஒரு வயதுவரை தாய்ப்பாலும் தொடரட்டும். அதன்பின் ஒரே நாளில் நிறுத்தாமல் ஒரு மாத அளவில் மெல்லக் குறைக்கலாம். தங்கையின் சம்மதம் இல்லாமல் அவள் நிலையை மருத்துவமனை ஊழியர் யாரும் வெளியே சொல்லக்கூடாது, அதற்கு 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் இருக்கிறது. மாமியார் வீட்டுக்குத் திரும்பும் முன், மாத்திரையை எங்கே வைப்பது, எந்த நேரத்தில் சாப்பிடுவது என்று மாப்பிள்ளையோடு உட்கார்ந்து இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். பிள்ளை பெற்ற அலுப்பில்தான் வேளை தவறும். சந்தேகம் வந்தால் எய்ட்ஸ் உதவி எண் 1097க்குக் கூப்பிடுங்கள், கட்டணம் கிடையாது.