கலைச்சொல் உதவி: ‘வெயிட் டிஸ்ட்ரிபியூஷன்’, வெள்ளிக்கிழமைக்குள்

கோவையிலிருந்து:

அன்பர்களுக்கு வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கான ஆட்டோமொபைல் பாடம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு பகுதியின் தலைப்பிலேயே நின்றுவிட்டேன்: ‘அன்றாடம் ஓட்டும் ஸ்போர்ட்ஸ் காரில் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் முக்கியமா?’ மூலத்தில் இரண்டு கார்கள் எடுத்துக்காட்டு. போர்ஷே 911-இல் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் இருப்பதால் எடையில் 60 விழுக்காட்டை ஒட்டிப் பின் சக்கரங்கள்மேல் விழுகிறது. 1989-இல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5-இல் முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் கிட்டத்தட்ட 50:50. நான் ‘எடைப் பகிர்வு’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

மதுரையிலிருந்து:

‘பகிர்வு’ வேண்டாம் அம்மா. பகிர ஒருவரும் பெற ஒருவரும் வேண்டும். சோற்றைப் பகிரலாம், செய்தியைப் பகிரலாம். கார் தன் எடையை யாரோடு பகிர்கிறது? புள்ளியியலில் ‘பரவல்’ என்றோ நிலைபெற்றுவிட்டது. ‘இயல்நிலைப் பரவல்’ படித்த மாணவருக்கு ‘எடைப்பரவல்’ உடனே விளங்கும். ஆறாம் வேற்றுமைத்தொகை, வல்லினம் மிகும், பிரிக்காமல் எழுதுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

ஐயா, பரவலில் எனக்கு மறுப்பில்லை. சிக்கல் முன்சொல்லில். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பொருளின் அளவு ‘நிறை’, அதைப் புவி இழுக்கும் விசை ‘எடை’. எங்கள் பிள்ளைகளுக்கு முதலாவது ‘திணிவு’, இரண்டாவதுதான் ‘நிறை’. ஒரே ‘நிறை’ கடலைத் தாண்டினால் பொருள் மாறிவிடுகிறது. காருக்குள் பரவியிருப்பது எது, சக்கரத்தில் அழுத்துவது எது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும்.

ஸ்டுட்கார்ட்டிலிருந்து:

இங்கே வண்டி வடிவமைப்பில் வேலை செய்கிறேன். யாழ்ப்பாணத்து ஐயா கேட்டதுதான் முதல் கேள்வி. ஒரு கணக்கு பார்ப்போம். 1000 கிலோ கார், 50:50. அச்சுகளுக்கு இடையே 2.3 மீட்டர், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 45 செ.மீ. புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி அளவுக்கு பிரேக் பிடித்தால் சுமார் 100 கிலோ பின்னாலிருந்து முன்னால் போய்விடும். 500-500 என்பது 600-400 ஆகிறது. பொருள் எதுவும் இடம் மாறவில்லை, சக்கரத்தின் மேலுள்ள அழுத்தம்தான் மாறியது.

அன்றாட ஓட்டத்துக்கு இது முக்கியமா? ஊருக்குள் டயர்களின் பிடிப்பில் சிறு பங்கைத்தான் பயன்படுத்துகிறோம். 50:50-க்கும் 53:47-க்கும் உள்ள வேறுபாடு கடைக்குப் போய் வருகிறவருக்குத் தெரியவே தெரியாது. டொயோட்டா தன் ஜிடி86-க்கு 53:47-ஐ வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தது. ஆனால் 911 போல 40:60 என்றால் தெரியும். மழையில் சிக்னலிலிருந்து கிளம்பும்போது பின் சக்கரம் வழுக்காமல் பிடிக்கும், முன்பக்கம் ஸ்டியரிங் லேசாக இருக்கும், முன் டயருக்கும் பின் டயருக்கும் அகலமும் காற்றழுத்தமும் வேறுவேறு.

பழைய 911-இல் வளைவின் நடுவே பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சுமை முன்னால் ஓடும், பின்பக்கம் பிடிப்பை இழந்து வண்டி சுழலும். அதற்காக 1960-களில் முன் பம்பரின் மூலைகளில் வார்ப்பிரும்புக் கட்டிகளை வைத்தார்கள். 1969 மாடலில் பின் சக்கரங்களை 57 மி.மீ. பின்னால் தள்ளி, பேட்டரியை இரண்டாக்கி முன்னால் வைத்தார்கள். இன்று மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு பெரும்பாலும் காப்பாற்றிவிடுகிறது. ஆகவே அம்மா, நிற்கும் கார், ஓடும் கார் இரண்டுக்கும் ஒரே சொல் போதாது.

திருச்சியிலிருந்து:

‘எடை’ என்பது எடுத்துப் பார்த்து அறிவது, தராசுக்கு உரியது. சக்கரம் எடுப்பதில்லை, பொறுக்கிறது. பொறு, பொறை. பொறை என்றால் பொறுமை மட்டுமல்ல, சுமையும்தான். ‘பொறைப்பரவல்’ என்றால் ஒரே சொல்லில் தாங்குவதும் தாங்கப்படுவதும் வந்துவிடும். பீலி பெய்த சாகாடும், அதாவது மயிலிறகு ஏற்றிய வண்டியும், அளவு மிஞ்சினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொன்னதே அச்சின் பொறைக்கு எல்லை உண்டு என்பதால்தான். உப்பு வணிகர்களான உமணர்கள் வண்டியின் அடியில் மாற்று அச்சாகச் ‘சேம அச்சு’ கட்டிப் போனதைப் புறநானூறு சொல்கிறது. உதிரிச் சக்கரத்துக்கு ‘ஸ்டெப்னி’ என்கிறோமே, அதற்குச் ‘சேமச் சக்கரம்’ என்ற சொல்லை யாராவது எடுத்துக்கொள்ளக் கூடாதா?

கோவையிலிருந்து:

ஐயா, சேமச் சக்கரம் மிக அழகு. அடுத்த பாடத்தில் கட்டாயம் போடுகிறேன். ஆனால் ‘பொறை’ என்றால் என் மாணவன் பொறாமைப் பக்கம் போய்விடுவான். நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை.

ஈரோட்டிலிருந்து:

அம்மணி, சொல் ஊரிலேயே இருக்கிறது. மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றும்போது ‘முன்பாரம்’, ‘பின்பாரம்’ என்போம். பின்பாரமாகிவிட்டால் நுகம் மேலே கிளம்பி மாட்டின் கழுத்துக் கயிற்றை இறுக்கும். முன்பாரமானால் கழுத்தில் அழுத்தி மாடு நடக்காது. இரண்டு மூட்டையை நகர்த்திச் சரிசெய்வோம். ஜெர்மனியில் பம்பரில் இரும்பு வைத்ததும் இதே வேலைதான். 911 ஒரு பின்பார வண்டி என்று எழுதுங்கள், எந்தப் பையனுக்கும் விளக்கம் வேண்டாம்.

மதுரையிலிருந்து:

கருத்து நன்று. ஆனால் ‘பாரம்’ வடசொல். ‘சுமை’ இருக்கும்போது எதற்கு? முன்சுமை, பின்சுமை என்றே சொல்லலாமே.

ஈரோட்டிலிருந்து:

ஐயா, வண்டி ஓட்டினவர்கள் எத்தனையோ தலைமுறையாகப் பாரம் என்றுதான் சொன்னார்கள். அவர்கள் வாயில் வாழ்ந்த சொல்லை எந்த அகராதி வந்து வெளியே தள்ளுவது? தூய்மை பார்த்துப் பார்த்துத்தான் ஒர்க்‌ஷாப்பில் ஒருவரும் நம் கலைச்சொற்களைத் தொடுவதில்லை. இதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

இருவரும் சொல்வது அச்சின் மேல் விழும் சுமை. இன்னொன்று விடுபடுகிறது. இரண்டு கார்களும் 50:50 என்று வைப்போம். ஒன்றில் எஞ்சின் நடுவில், மற்றதில் எஞ்சின் முன் முனையில், கியர்பெட்டியும் பேட்டரியும் பின் முனையில். தராசில் இரண்டும் ஒன்று. ஆனால் பாரமானவை நடுவில் இருந்தால் கார் சட்டென்று திரும்பும், முனைகளில் இருந்தால் திரும்பத் தயங்கும், சுழலத் தொடங்கினால் நிற்கவும் தயங்கும். இதைச் ‘சுமை’ என்று சொல்ல முடியாது. இது திணிவின் பரவல்.

ஸ்டுட்கார்ட்டிலிருந்து:

மிகச் சரி. ஆங்கிலத்தில் ஒரே தொடரைப் போட்டு இரண்டையும் மூடி வைத்திருக்கிறார்கள். தமிழில் பிரித்தே வைத்தால் மாணவருக்கு நல்லது. ஓட்டத்தில் மாறுவதற்குச் ‘சுமைப்பெயர்ச்சி’ என்று போடலாம். ‘இடப்பெயர்ச்சி’ இயற்பியலில் ஏற்கெனவே இருக்கிறது.

கோவையிலிருந்து:

வியாழன் இரவு ஆகிவிட்டது. இப்படி முடிக்கிறேன். தலைப்பில் ‘முன்பின் சுமைப்பரவல்’. ஒவ்வோர் அச்சின் மேலும் விழுவது ‘அச்சுச்சுமை’. பிரேக் பிடிக்கும்போது நகர்வது ‘சுமைப்பெயர்ச்சி’. உடலுக்குள் பொருள் பரவியிருப்பது ‘நிறைப்பரவல்’. ‘முன்பாரம், பின்பாரம்’ இரண்டும் விளக்கப் பத்தியில் அப்படியே வரும், அதை விட மனமில்லை. பெரும்பாலோர் சரி என்றதாக எடுத்துக்கொள்கிறேன். அனைவருக்கும் நன்றி.

யாழ்ப்பாணத்திலிருந்து:

‘நிறைப்பரவல்’ என்பதை ஏற்க இயலவில்லை. இங்கே படிக்கும் பிள்ளை அதை எடை என்றே வாசிக்கும், நாம் பிரித்தது மறுபடி ஒன்றாகிவிடும். அடிக்குறிப்பிலாவது ‘இலங்கையில்: திணிவுப்பரவல்’ என்று சேர்த்துவிடுங்கள்.

திருச்சியிலிருந்து:

பொறையை இன்னும் நான் கைவிடவில்லை. அப்புறம், ஸ்டியரிங் திருப்பிய அளவுக்குக் கார் வளையாமல் போகும் ‘அண்டர்ஸ்டீர்’ வரும் பகுதிக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்?