"உங்கள் தளத்தை முதல் பக்கத்துக்குக் கொண்டு வருகிறோம்" மடல்கள்: உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

மேகமில்லா_இரவு

கூகுள் தேடலில் முதல் பக்கம் தருகிறோம் என்னும் இந்த மடல்கள் தளம் வைத்திருக்கும் எல்லோருக்கும் வருபவைதான், விளக்கத் தேவையில்லை. நானும் வருடக்கணக்கில் பிரித்துப் பார்க்காமலே அழித்து வந்தவன். ஒன்றே ஒன்று மட்டும் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

அப்பா தொலைநோக்கி வைத்து வானம் பார்ப்பவர். அன்றன்று பார்த்ததை நோட்டில் எழுதி வைப்பார். அவர் போன பிறகு அந்த நோட்டுகளைத் தட்டச்சு செய்து ஒரு சின்னத் தளத்தில் போட்டேன். விளம்பரம் கிடையாது. ஒரு நாளைக்கு நாலைந்து பேர் வந்தாலே அதிகம். அதற்கும் மடல் வந்தது. "உங்கள் கட்டுரையை மிகவும் ரசித்துப் படித்தேன்" என்றுதான் தொடக்கம். அழிக்கப் போகும்போது கீழே அப்பாவின் வரி ஒன்று கண்ணில் பட்டது. "இன்று அதிர்ஷ்டம் இருந்தது. பன்னிரண்டு மணிக்கு மேல் மேகம் விலகி, சனியின் வளையம் தெளிவாகத் தெரிந்தது." அதில் "அதிர்ஷ்டம்" என்ற சொல்லுக்கு மட்டும் மஞ்சள் பூசியிருந்தது. அந்தச் சொல்லில் எங்கள் வாடிக்கையாளரின் சூதாட்டத் தளத்துக்கு ஒரு இணைப்புக் கொடுங்கள், பணம் தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

அந்த மஞ்சள் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. இது இறந்துபோன என் அப்பாவின் குறிப்பு, தயவுசெய்து இனி எழுதாதீர்கள் என்று பதில் போட்டேன். மூன்று நாள் கழித்து அதே பெயரிலிருந்து, "என் முந்தைய மடலைப் பார்க்க நேரம் கிடைத்ததா?" அடுத்த வாரம் இன்னொன்று. என் பதிலைப் படித்துவிட்டுமா ஒரு மனிதர் இப்படி எழுதினார் என்பதுதான் என்னைக் குடைகிறது.

மரவேலை

நான் அழிக்கவில்லை, பணம் கட்டினேன். 2011-ல். மரச்சாமான் செய்து விற்கும் தளம். மாதம் இத்தனை நூறு பேக்லிங்க், அதாவது மற்ற தளங்களிலிருந்து என் தளத்துக்கு இணைப்பு, அவை கூடினால் கூகுள் மேலே காட்டும், மூன்று மாதத்தில் முதல் பக்கம் என்றார்கள். உண்மையிலேயே ஏறவும் செய்தது. அதுதான் வினை. நம்பிக்கை வந்து இன்னொரு மூன்று மாதத்துக்கும் கட்டினேன்.

2012 ஏப்ரல் 24-ஆம் தேதி கூகுள் பெங்குவின் வந்தது, இப்படிச் செயற்கையாகச் சேர்த்த இணைப்புள்ள தளங்களைத் தேடலில் கீழே தள்ளும் மாற்றம். அந்த வாரமே தேடலில் இருந்து வரும் ஆட்கள் நின்றார்கள். குறையவில்லை, நின்றே போனார்கள்.

ஒரு ராத்திரி உட்கார்ந்து, எந்தெந்தத் தளங்கள் என்னை இணைக்கின்றன என்ற பட்டியலை முதல் முறையாகத் திறந்தேன். முதலில் சொடுக்கிய பக்கத்தில் மேலே மாத்திரை விளம்பரம், கீழே ஆபாசப் படம், நடுவே அர்த்தமே இல்லாத ஒரு பத்தி. அந்தப் பத்திக்குள் என் தொழிலின் பெயர் திரும்பத் திரும்ப நீலக் கோடு போட்டு நின்றது. முப்பது வருடம் காப்பாற்றிய பெயர். அடுத்த பக்கத்தைத் திறக்கக் கை வரவில்லை.

நீக்கச் சொல்லி எழுதினால் சில தளக்காரர்கள் நீக்குவதற்கும் பணம் கேட்டார்கள். இணைப்பு போட்டுத் தந்தவர்களின் முகவரியோ அதற்குள் செத்துப் போயிருந்தது. அந்த அக்டோபரில் கூகுள் டிஸவோ என்ற கருவியைக் கொடுத்தது, "இந்த இணைப்புகளை என் கணக்கில் சேர்க்காதே" என்று சொல்வதற்கு. சொன்னேன். ஆனால் அப்போதெல்லாம் பெங்குவின் எப்போதாவது ஒருமுறைதான் ஓடும். சுத்தம் செய்து முடித்தாலும் அடுத்த ஓட்டம் வரை காத்திருக்க வேண்டும். 2016 செப்டம்பரில்தான் உடனுக்குடன் கணக்கிடும் முறை வந்தது. அதுவரை என் தொழில் காத்திருக்கவில்லை.

தள_பராமரிப்பு

நான் பலருடைய தளங்களைப் பராமரிப்பவன். எனக்கு நேர்ந்தது சின்ன விஷயம்தான். "விரைவில்" என்ற ஒரே சொல் மட்டும் இருந்த ஒரு வெற்றுப் பக்கத்துக்கு, "தளத்தில் 68 பிழைகள்" என்று சிவப்புக் கட்டங்களோடு ஒரு தணிக்கை அறிக்கை வந்தது. அந்தத் தளத்தின் சொந்தக்காரர் இரவு பதினொரு மணிக்கு என்னைக் கூப்பிட்டு, "தளம் திறப்பதற்கு முன்பே இத்தனை பிழையா" என்று குரல் நடுங்கக் கேட்டார்.

மரவேலை நண்பரே, வருத்தமாக இருக்கிறது, ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குறுக்கு வழி என்று தெரிந்தேதானே பணம் கொடுத்தீர்கள்? உழைக்காமல் முதல் பக்கம் கிடைக்கும் என்று ஒருவர் சொன்னால் அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். 2011 பிப்ரவரியில் ஜேசிபென்னி என்ற பெரிய அமெரிக்கச் சில்லறை நிறுவனத்தின் காசு கொடுத்த இணைப்புகளை நியூயார்க் டைம்ஸ் வெளியே கொண்டுவந்தது. கூகுள் அவர்களையே கீழே தள்ளியது. உலகமே பேசிய செய்தி அது.

இனி படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. கேட்காமல் வரும் மடல்களிடம் எச்சரிக்கையாக இருங்கள் என்று சொல்லும் அதே உதவிப் பக்கத்தில், அவர்களுக்கே வந்த மடலையும் மாதிரிக்குக் காட்டியிருக்கிறார்கள். "உங்கள் தளம் பெரும்பாலான தேடுபொறிகளில் இல்லை" என்று கூகுள் தளத்துக்கே ஒருவர் எழுதியிருக்கிறார். அனுப்புகிறவர் தளத்தைத் திறந்தே பார்ப்பதில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

அப்புறம் அந்த "டொமைன் அத்தாரிட்டி" எண். "அத்தாரிட்டி 60-க்கு மேல் உள்ள தளங்களில் இணைப்பு" என்று விலைப்பட்டியலே அனுப்புவார்கள். அது மாஸ் என்ற தனியார் நிறுவனம் தன் கணக்கில் போடும் 100 வரையிலான மதிப்பெண். கூகுள் அதைப் பார்ப்பதில்லை. அறிக்கைகளில் "கீவேர்ட்ஸ் மெட்டா டேக் இல்லை" என்பது கட்டாயம் ஒரு சிவப்புக் கட்டமாக இருக்கும். பக்கத்தின் நிரலுக்குள் முக்கியச் சொற்களைப் பட்டியலிடும் குறிப்பு அது. தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. பணம் வாங்கிக்கொண்டு யாருக்காவது இணைப்புக் கொடுத்தால் அதைத் தரவரிசைக்குக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கூகுளுக்குச் சொல்லும் "ஸ்பான்சர்ட்" அல்லது "நோஃபாலோ" குறிப்பை அதில் சேர்க்க வேண்டும். ஆனால் இந்த மடல்காரர்கள் அதைச் சேர்க்கவே கூடாது என்பார்கள், ஏனென்றால் அவர்கள் விற்பதே குறிப்பில்லாத இணைப்பைத்தான். மாதாமாதம் உங்கள் பேக்லிங்க் பட்டியலை எடுத்து, சந்தேகமானதை எல்லாம் டிஸவோவில் போட்டுவிடுங்கள். மடலின் கீழே இருக்கும் "அன்சப்ஸ்கிரைப்" (இனி அனுப்பாதே) பொத்தானைத் தொடவே தொடாதீர்கள். தொட்டால் உங்கள் முகவரி உயிரோடு இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

மரவேலை

குறுக்கு வழி என்று எனக்குத் தெரியாது. விளம்பரப் பலகை வைப்பது போல என்று நினைத்தேன். பலகைக்குப் பணம் கொடுப்பது தப்பா? ரசீதில் "இணைய விளம்பரச் சேவை" என்றுதான் போட்டிருந்தது. உலகமே பேசியது என்கிறீர்கள். நான் பட்டறையில் இருந்தேன்.

பூனைவீடு

எனக்கு வந்தது வேறு மாதிரி. வழக்கறிஞர் அலுவலகத்தின் பெயரில் வந்தது. உங்கள் பக்கத்தில் எங்கள் கட்சிக்காரருக்கு உரிமையான புகைப்படம் இருக்கிறது, டிஎம்சிஏ என்ற அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி நடவடிக்கை எடுக்கலாம், ஆனால் பணம் கேட்கவில்லை, ஐந்து வேலை நாளுக்குள் படத்துக்குக் கீழே அவர் தளத்துக்கு நன்றி சொல்லி ஓர் இணைப்புக் கொடுத்தால் போதும், படத்தை நீக்கிவிடுவது மட்டும் தீர்வாகாது என்று இருந்தது. சட்டப் பிரிவு எண்கள் வேறு.

அந்தப் படம் எங்கள் வீட்டுப் பூனை. சன்னல் ஓரத்தில் அது தூங்கும்போது நான் எடுத்தது. மடலைப் படித்துக்கொண்டிருக்கும்போது அது என் மடியில் இருந்தது. ஒரு கையில் பூனை, இன்னொரு கையில் சுட்டி, திரையில் "உங்களுக்கு உரிமையில்லாத படம்". அப்படியிருந்தும் பயந்துபோய் இணைப்பைப் போட்டேன். பதினோரு நாள் இருந்தது. என் கேமராவில் மூலப் படம் தேதியோடு இருக்கிறதே என்பது பன்னிரண்டாம் நாள்தான் தோன்றியது.

அப்புறம் நிதானமாகப் பார்த்தேன். அந்த அலுவலகத்தின் டொமைன், அதாவது தளப் பெயர், பதிவாகியே இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. "குழுவினர்" படங்களில் எல்லா முகத்திலும் கண்கள் படத்துக்குள் ஒரே உயரத்தில், ஒரே இடத்தில் இருந்தன. கணினி உருவாக்கிய முகங்கள். உண்மையான டிஎம்சிஏ அறிவிப்பு படத்தை நீக்கச் சொல்லும், இணைப்புக் கேட்காது. இது தெரிந்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆத்திரமெல்லாம் ஒன்றுக்குத்தான்: என் பூனையின் படத்தை என்னுடையது இல்லை என்று என்னையே ஒரு நொடி நம்ப வைத்துவிட்டார்கள்.

கணக்கு_நோட்டு

சுருக்கமாகச் சொல்கிறேன். எங்களுக்கு "டொமைன் அறிவிப்பு, கடைசித் தேதி" என்று பில் மாதிரியே வந்தது. எங்கள் டொமைன் பெயர், தொகை, தேதி எல்லாம் சரியாக இருந்தன. கணக்கு எழுதுபவர் புதுப்பிப்புக் கட்டணம் என்று நினைத்துக் கட்டிவிட்டார். கீழே பொடி எழுத்தில் "இது பில் அல்ல, தேடுபொறிப் பதிவுச் சேவைக்கான அழைப்பு" என்று இருந்ததைப் பிறகுதான் பார்த்தோம். அந்த அம்மா இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. இப்போது எந்த டொமைன் பில் வந்தாலும் டொமைனைப் பதிவு செய்த நிறுவனத்தில் உள்ள எங்கள் கணக்குக்குள் நேராகப் போய்ச் சரிபார்க்கிறோம்.

பழைய_மேசை

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நான் இந்த மடல்களை அனுப்பும் வேலையில் ஒன்றரை வருடம் இருந்தவன்.

தள_பராமரிப்பு சொன்னதில் ஒன்றைத் திருத்த வேண்டும். டிஸவோவை மாதாமாதம் போடாதீர்கள். கூகுளிடமிருந்து இணைப்புகள் குறித்து நடவடிக்கை அறிவிப்பு வந்திருந்தால், அல்லது வரும் என்று நினைக்கும் அளவுக்கு நீங்களே காசு கொடுத்து இணைப்பு வாங்கியிருந்தால் மட்டுமே அது தேவை. பெரும்பாலான தளங்களுக்குத் தேவையே இல்லை என்று கூகுளே சொல்கிறது. நல்ல இணைப்பையும் சேர்த்து வெட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மரவேலை அண்ணனிடம் நீங்கள் அப்படிப் பேசியதும் சரியில்லை. தெரியாதவர்களைத் தேடித்தான் நாங்கள் எழுதினோம். தெரிந்தவர்களுக்கு எழுதி என்ன பயன்?

மேகமில்லா_இரவு, உங்கள் கேள்விக்கு வருகிறேன். தொடர் மடல்களை ஆள் எழுதுவதில்லை. முதல் மடல் போனதுமே மூன்றாம் நாள், பத்தாம் நாள் என்று மென்பொருளில் வரிசை போட்டு வைத்திருப்போம். பதில் வந்தால் வரிசை நிற்கும். ஆனால் மடல் போன அதே முகவரியிலிருந்து பதில் வந்தால்தான் பல நேரம் அது கண்டுபிடிக்கும். தளத்தின் பொது முகவரிக்கு வந்ததை நீங்கள் உங்கள் சொந்த முகவரியிலிருந்து பதிலளித்திருந்தால், அது தனியாக ஒரு பெட்டியில் போய் விழுந்திருக்கும். அந்தப் பெட்டியை எங்கள் இடத்தில் யாரும் திறந்ததில்லை.

என்னைக் குடைவது வேறு. "உங்கள் கட்டுரையை மிகவும் ரசித்துப் படித்தேன்" என்று தொடங்கும் ஒரு வார்ப்பு நான் எழுதியது. கட்டுரைத் தலைப்பு மட்டும் தானாக மாறும். என் அக்கா தையல் பற்றி எழுதிக்கொண்டிருந்தாள். யாரும் மறுமொழி போட மாட்டார்கள். ஒரு நாள் வீட்டுக்குப் போனபோது கைபேசியை நீட்டி, "பாருடா, யாரோ என் கட்டுரையை ரசித்துப் படித்திருக்கிறார்கள்" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. என் வரிகள், என் காற்புள்ளி உட்பட. பக்கத்து மேசைக்காரர் அனுப்பியிருக்கிறார். நல்லது அக்கா என்று மட்டும் சொன்னேன். இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

தள_பராமரிப்பு

டிஸவோ விஷயம் சரி, நான் சொன்னது பழைய பழக்கம். மரவேலை, மன்னியுங்கள். அன்சப்ஸ்கிரைப் பற்றி மட்டும் என் கருத்து மாறவில்லை. நீங்களே சேர்ந்த பட்டியல் என்றால் தொடலாம், இவர்களுடையதை ஸ்பேம் என்று குறியிட்டு விடுவதே மேல்.

மேகமில்லா_இரவு

பழைய_மேசை, நீங்கள் சொன்னதுதான் நடந்திருக்கிறது. தளத்தின் முகவரிக்கு வருவது என் பெட்டிக்குத் தானாக வந்து சேரும். பதில் என் பெயரில்தான் போயிருக்கிறது. இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன்.

அப்படியானால் என் பதிலை யாரும் படிக்கவில்லை. இன்னொன்றையும் சொல்லுங்கள். அந்த மஞ்சள்? அதுவும் மென்பொருள்தானா?

பழைய_மேசை

இல்லை. அது ஆள்தான். சூதாட்ட வாடிக்கையாளர் என்றால் "அதிர்ஷ்டம்", "பந்தயம்", "வெற்றி" என்று சொற்களைக் கொடுத்துவிடுவார்கள். அவை வரும் பழைய பக்கங்களைத் தேடி எடுத்து, பக்க முகவரி, வரி, சொல் என்று மூன்று கட்டத்தில் நிரப்ப வேண்டும். அந்த ஒரு வரியைப் படிப்போம். அதற்கு மேலேயும் கீழேயும் படிக்க நேரம் தர மாட்டார்கள். நானும் நிறைய மஞ்சள் பூசியிருக்கிறேன்.

அப்பாவின் தளத்தின் முகவரி கொடுப்பீர்களா? முதலிலிருந்து படிக்க வேண்டும்.