ஹியூயி லாங் பத்தி தெரிஞ்சவங்க கொஞ்சம் உதவுங்க

மக்களே ஒரு ஹெல்ப். அடுத்த வாசகர் வட்டத்துல ஹியூயி லாங் பத்தி பேசறேன்னு ஒத்துக்கிட்டேன். அமெரிக்காவோட லூசியானா மாநிலத்துக்கு கவர்னர், செனட்டர், 1935ல சுட்டுக் கொன்னுட்டாங்க, எல்லாரும் இதையேதான் எழுதி வச்சிருக்காங்க, எனக்கு வேண்டியது அதுக்கு முந்தின கதை. வின்ஃபீல்டுங்கற குட்டி ஊர்ல 1915ல வக்கீலா உக்காந்த ஆளு, பேங்க் மாடில பொந்து மாதிரி ஒரு ரூம், ஒரு மர டேபிள், கைவிட்டு எண்ணிடற அளவு சட்டப் புக்கு, நிறைய வேலைல அடிபட்டவங்களோட நஷ்டஈடு கேஸ். 1918ல 25 வயசுலயே ரயில்ரோடு கமிஷனுக்கு (ரேட் எல்லாம் முடிவு பண்ற மாநில அமைப்பு) எலெக்‌ஷன்ல நின்னு ஜெயிச்சிட்டாரு, அந்தப் பதவிக்கு குறைந்தபட்ச வயசுன்னு எதுவும் இல்லாததால நிக்க முடிஞ்சுதாம். (கவர்னர் ஆனப்புறம் பண்ண அடாவடி தனிக்கதை, நான் ஒண்ணும் அவர் ரசிகன் இல்ல.)

பேருதான் ரயில்ரோடு கமிஷன், டெலிஃபோன் ரேட்டும் அவங்க கைலதான். 1921ல பப்ளிக் சர்வீஸ் கமிஷன்னு பேர் மாறுது, அப்புறம் இவர் சேர்மன் ஆகி, கம்பர்லாண்ட் டெலிஃபோன் கம்பெனி ஏத்தின ரேட்டை எதிர்த்து வாஷிங்டன் சுப்ரீம் கோர்ட் வரை போய் வாதாடி ஜனங்களுக்கு காச திருப்பி வாங்கிக் குடுத்தாரு. அந்த விசாரணை ரெக்கார்டு, கமிஷன் ஆர்டர் எல்லாம் ஸ்கேன் பண்ணி எங்கயாச்சும் ஃப்ரீயா கிடைக்குமா? லூசியானா தலைநகர் பேட்டன் ரூஜ் பக்கம் யாராச்சும் இருந்தா அங்க யுனிவர்சிட்டி லைப்ரரில வெளியாளுங்கள விடுவாங்களான்னு சொல்லுங்க. அமெரிக்க சட்டம் படிச்சவங்களுக்கு இன்னொண்ணு, ரேட் முடிவு பண்ற ஆளே வக்கீலா நின்னும் வாதாடலாமா, எனக்கு இதுதான் இடிக்குது. பெரிய பிடிஎஃப்னாலும் பரவால்ல, அனுப்புங்க.