மறு: பொட்டாசியம் சேனல் ஆன்டிபாடிக்குத் தமிழில் என்ன?

அண்ணே, ‘பொட்டாசிய எதிர்ப்பொருள்’ என்று சுருக்கினால் வம்புதான். ஆன்டிபாடி என்பது குறிப்பிட்ட ஒரு பொருளைத் தேடிப் பிடிக்கிற புரதம்; இந்த ஆன்டிபாடியோ பொட்டாசியத்தைத் தொடுவதே இல்லை. செல் சவ்வில் அந்த அயனிக்கு வழிவிடுகிற புரதத்தை, அதாவது சேனலைத்தான் பிடிக்கிறது.

சேனலுக்குப் பாடநூலில் உள்ள ‘கால்வாய்’ எனக்கு ஒப்பவில்லை. கால்வாய் பாட்டுக்குத் திறந்து கிடக்கும். இதயத்தில் இருக்கிற ஹெர்க் (hERG) என்ற பொட்டாசியச் சேனல் மாதிரியானவை சவ்வின் மின்னழுத்தம் மாறும்போது திறந்து மூடுகிறவை, கண்மாய்க்கரையில் வளர்ந்த நமக்கு இதற்கு அகராதி புரட்ட வேண்டியதில்லை: கண்மாய்த் தண்ணீரைத் திறந்து மூடி விடுகிற மடை. (காரைக்குடியில் இப்போதைய பிள்ளைகளுக்கு மடை தெரியுமா என்பது வேறு வழக்கு.) மடை தரம் பிரிக்காது, ஆனால் இந்தச் சேனல் சிறிய சோடியத்தைத் தடுத்து அதைவிடப் பெரிய பொட்டாசியத்தை விடுகிறதே என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. அமெரிக்க விஞ்ஞானி ராடெரிக் மெக்கின்னனின் குழு 1998இல் ஒரு பாக்டீரியச் சேனலின் அமைப்பை வெளியிட்டபோது விடை கிடைத்தது. தன்னைச் சுற்றியுள்ள நீர்ப்போர்வையைக் கழற்றிவிட்டு வரும் பொட்டாசியத்துக்குச் சரியாகப் பொருந்தும் தொலைவில் ஆக்சிஜன் அணுக்கள் வரிசையாக நிற்கின்றன, சோடியத்துக்கு அந்தப் பிடிமானம் இல்லை. அவருக்கு 2003இல் வேதியியல் நோபலும் வந்தது. ஆனால் இப்படித் தரம் பிரிப்பதைச் சொல்ல ‘பொட்டாசிய’ என்ற அடையே போதும். பெரும்பாலும் திறந்தே இருக்கும் கசிவுச் சேனல்களுக்குக் கால்வாயே இருக்கட்டும்.

சரி, அப்போ ‘பொட்டாசிய மடை எதிர்ப்பொருள்’ போதுமா? போதாது, என் சண்டையே இங்கேதான். நரம்பியல் மருத்துவர் இதே பெயரில் ஒரு ரத்தப் பரிசோதனை எழுதுவார்; அது நோயாளியின் உடலே தனக்கு எதிராக உண்டாக்கிய ஆன்டிபாடியைத் தேடுவது. (அவற்றில் பல சேனலையே பிடிப்பதில்லை, அதை ஒட்டியிருக்கும் எல்ஜிஐ1, காஸ்பர்2 என்ற புரதங்களைப் பிடிக்கின்றன என்று 2010 வாக்கில் தெரிந்தது தனிக் கூத்து.) ஆய்வகத்தில் கதை நேர்மாறு. சேனலின் ஒரு துண்டை முயலுக்கு ஊசியாகப் போட்டு, அதன் ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடியை வைத்து நாம் சேனலைத் தேடுகிறோம். அங்கே அது தேடப்படும் பொருள், இங்கே தேடும் கருவி. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் படிப்பவர் எதை எடுத்துக்கொள்வார்?

அதனால் ஆய்வகக் கருவிக்கு ‘மடைகாண் எதிர்ப்பொருள்’. நோயாளியுடையது வெறும் ‘மடை எதிர்ப்பொருள்’. ‘கண்டறியும் எதிர்ப்பொருள்’ என்று தங்கை எழுதியது எளிமைதான், ஆனால் எதைக் கண்டறிகிறது என்று அதில் இல்லை.

அதோடு, காண்பது என்றால் வெறுமனே இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமல்ல. புரதங்களை எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் அடையாளம் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் ஹெர்க் இரண்டு பட்டைகளாக வரும், சுமார் 135, 155 கிலோடால்ட்டன் (புரத எடைக்கான அலகு). கீழே இருப்பது இன்னும் செல்லுக்குள்ளேயே முதிராமல் கிடப்பது, மேலே இருப்பது சர்க்கரைச் சங்கிலிகள் முழுமையாக ஏறி முதிர்ந்தது. சில மரபணுத் திரிபுகளில் மேல்பட்டை மங்கிவிடும், அதாவது புரதம் உருவாகிறது, சவ்வுக்குப் போய்ச் சேருவதில்லை.

ஈழத்து நண்பர்கள் ஆன்டிபாடிக்குத் தங்கள் சொல்லை வைத்து ‘மடைகாண் பிறபொருளெதிரி’ என்று எழுதினாலும் எனக்குத் தகராறு இல்லை. ‘காண்’ மட்டும் போகக் கூடாது.